எட்டாண்டுகள் தாமதித்த ஸலாம்



சென்னை சென்ட்ரலை ஒட்டியுள்ள மூர்மார்க்கெட் புறநகர் நிலையத்தில், கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் நீங்கள் என்றேனும் ஏறி அமர்ந்ததுண்டா? கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என வடசென்னையின் நெரிசலைக் கடந்து, எண்ணூரில் கடற்காற்றை வாங்கி, கொசஸ்தலையாற்றின் பரந்த நீர்ப்பரப்பைத் தாண்டி, அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகளைக் காட்டியவாறு, மீஞ்சூர், பொன்னேரி வழியாக அந்த வண்டி வடக்கே செல்லும். பொன்னேரிக்கு அப்பால் ஆரணியாறு. பின்னர் வயல்வெளி. அடுத்து வரும் நிலையம் கவரைப்பேட்டை.

ஊர் பெரிதன்று. திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சேர்ந்தது. ஒருபுறம் இருப்புப்பாதை, மறுபுறம் சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை. மேற்கே பிரியும் சாலை ஆந்திர மாநிலத்துச் சத்தியவேட்டிற்குச் செல்கிறது. கடைத்தெருவில் தமிழோடு தெலுங்கும் ஒலிக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குச் செல்வோரும், பொறியியல் கல்லூரி மாணவர்களும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களும் நிலையத்தின் நடைமேடையில் ஒன்றாக நின்று வண்டிக்குக் காத்திருப்பார்கள்.

இத்தகைய ஊரைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை. ஆனால் எனக்கு அவ்வூரில் ஒரு வீடு இருந்தது. என் தாய்மாமன் மகனின் வீடு. மத்ரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஆதலால் வியாழக்கிழமை ளுஹர் தொழுகை முடிந்ததும் வண்டியேறி, அஸருக்குள் அங்கே சென்றுவிடுவேன். மாமி எனக்கென்று தேநீர் வைத்திருப்பார். மச்சானும் நானும் இஷா வரை பேசிக்கொண்டிருப்போம். பல ஆண்டுகள் இவ்வழக்கம் தவறியதில்லை.

அந்த வழக்கம் 2016ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. எவ்வாறு நின்றது என்பதையும், மீண்டும் அவ்வூரில் சென்று இறங்க எனக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதையும் உங்களிடம் சொல்லவே இக்கட்டுரை. என் பெருமையைச் சொல்வதற்கன்று. என் தவற்றைச் சொல்வதற்கு.

ஒரு சஹனில் விழுந்த சொல்

2016 மே மாதம் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் நடந்ததை அறிவீர்கள். நம் சமுதாயத்தின் அமைப்புகள் அத்தேர்தலில் ஒரே அணியில் நிற்கவில்லை. நான் ஆதரித்த அமைப்பு ஓர் அணியில் இருந்தது. என் மச்சான் உழைத்த அமைப்பு எதிரணியில் இருந்தது. இதில் வியப்பொன்றும் இல்லை. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி என்று வாழ்வது நம் நாட்டில் புதிதா?

தேர்தலுக்கு முந்திய மாதம், உறவினர் இல்லத்து நிக்காஹ் விருந்தில் நாங்கள் ஒரே சஹனில் அமர்ந்தோம். பேச்சு தேர்தலுக்குத் திரும்பியது. முதலில் சிரிப்பாகப் பேசினோம். பிறகு குரல் உயர்ந்தது. அவர் ஒரு வாதத்தைச் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவன் செய்வதையே நான் செய்தேன். வாதத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தேன். நான்கு பேர் முன்னிலையில், அவர் சமுதாயத்தை விற்றுவிட்டார் என்று சொன்னேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைச் சஹனிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். நான் தொடர்ந்து உண்டேன். அன்று நான் வென்றுவிட்டதாகவே எண்ணினேன்.

அதன்பின் அவர் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. முதல் மாதம் கோபம், அடுத்த மாதம் கூச்சம், பிறகு பழக்கம். பேசாதிருப்பதும் ஒரு பழக்கமாகிவிடும் என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன். ஒருநாள் என் கைப்பேசியிலிருந்து அவருடைய எண்ணை அழித்தேன்.

2019ஆம் ஆண்டு மாமி மவுத்தானார். செய்தி எனக்கு வேறோர் உறவினர் மூலம் கிடைத்தது. நான் ஊரில்தான் இருந்தேன், உடல்நலத்தோடுதான் இருந்தேன், வண்டியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ‘அவன் தன் வாயால் எனக்குச் சொல்லவில்லையே’ என்ற ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு நான் போகவில்லை. முன்பின் அறியாதவர்களின் ஜனாஸாக்களுக்கெல்லாம் தொழவைத்திருக்கிறேன். எனக்குச் சோறிட்டு வளர்த்த மாமியின் ஜனாஸாவில் ஸஃப்பில் ஓர் ஓரமாகக்கூட நான் நிற்கவில்லை.

இடையில் அரசியல் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் இரு அமைப்புகளும் ஒரே அணியை ஆதரித்தன. மேடையில் சால்வை மாற்றிக்கொண்டார்கள். எங்களைப் பிரித்த காரணம் ஐந்தாண்டுகளில் இல்லாமற்போயிற்று. பிரிவு மட்டும் அப்படியே இருந்தது.

தண்டவாளம் சொன்ன செய்தி

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை இரவு. மைசூரிலிருந்து பீகார் மாநிலம் தர்பங்காவுக்குச் சென்ற பாக்மதி விரைவு வண்டி, கவரைப்பேட்டை நிலையத்தில் நின்றிருந்த சரக்கு வண்டி மீது மோதிற்று. முக்கியத் தடத்தில் செல்வதற்கு அனுமதி பெற்ற வண்டி, நிலையத்தின் லூப் லைன் எனப்படும் கிளைத்தடத்தில் புகுந்ததால் நேர்ந்த விபத்து அது. பெட்டிகள் பல தடம் புரண்டன, தீயும் பற்றிற்று. பலர் காயமுற்றனர். ஆயினும் இறைவன் அருளால் ஓர் உயிரும் போகவில்லை. சுற்றுவட்டார மக்கள் இருளில் ஓடிவந்து பயணிகளை இறக்கினார்கள். திருமண மண்டபங்களில் அவர்கள் தங்கவைக்கப்பட்டு, உணவளிக்கப்பட்டு, மறுநாள் அதிகாலை சென்னையிலிருந்து வேறு வண்டியில் அனுப்பி வைக்கப்பட்டார்கள்.

தொலைக்காட்சியில் ‘கவரைப்பேட்டை’ என்ற பெயரைக் கண்டவுடன் என் கை கைப்பேசியைத் தேடியது. மச்சானின் வீட்டிலிருந்து நிலையம் கூப்பிடு தொலைவு. ஷிப்டு முடிந்து அவர் தண்டவாளத்தைக் கடக்கும் நேரமும் அதுவே. அழைப்பதற்கு எண் இல்லை, நான்தான் அழித்திருந்தேனே! நள்ளிரவில் வேறோர் உறவினரை எழுப்பிக் கேட்டேன். அவர் நலமாக இருப்பதாகவும், பயணிகளை இறக்கும் பணியில் நிற்பதாகவும் தெரிந்தது. எண்ணையும் வாங்கிக்கொண்டேன். ஆனால், வாசகர்களே, அப்போதும் நான் அழைக்கவில்லை.

சில வாரங்கள் சென்றன. மத்ரஸாவில் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ பாடம். ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குதல் ஆகாது என்றும், அவ்விருவரில் முந்தி ஸலாம் உரைப்பவரே சிறந்தவர் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்தான்.

“உஸ்தாத், மூணு நாள் தாண்டிட்டா, அப்புறம் என்ன செய்யணும்?”

வகுப்பு என் முகத்தைப் பார்த்தது. “உடனே போய் ஸலாம் சொல்ல வேண்டும்” என்றேன். சொன்ன பிறகு அந்தச் சொல் என் தொண்டையிலேயே நின்றது. அந்த வாரம் வியாழக்கிழமை, ளுஹர் முடிந்ததும் மூர்மார்க்கெட் நிலையத்தில் பயணச்சீட்டு எடுத்தேன்.

இவ்வழியே சென்ற ஒரு நட்பு

வண்டி எண்ணூரைக் கடந்தபோது, கல்லூரியில் வரலாறு படித்த நாட்கள் நினைவுக்கு வந்தன. இந்த இருப்புப்பாதை சென்னையையும் கல்கத்தாவையும் இணைக்கும் பழம்பாதை. 1921ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இதே பாதையில் இரண்டு நண்பர்கள் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மகாத்மா காந்தி. மற்றவர் மௌலானா முஹம்மது அலீ.

மௌலானா அவர்களை இன்றைய தலைமுறை அதிகம் அறியாது. ராம்பூரில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் பயின்று, ‘காம்ரேட்’, ‘ஹம்தர்த்’ ஆகிய இதழ்களை நடத்தி, முதல் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயரின் காவலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர். ஜாமிஆ மில்லிய்யாவை 1920இல் தொடங்கிய பெருமக்களுள் ஒருவர். அவரும் அண்ணன் ஷவ்கத் அலீயும் கிலாஃபத் இயக்கத்தின் இரு தூண்கள். காந்தியடிகளும் அலீ சகோதரர்களும் நாடு முழுவதும் ஒரே வண்டியில் பயணம் செய்து, ஒரே மேடையில் பேசினார்கள். ‘பீ அம்மா’ என்று மக்கள் அழைத்த அவர்களுடைய தாயாரும் முதிய வயதில் கூட்டங்களில் முழங்கினார்.

1921 ஜூலையில் கராச்சியில் நடந்த கிலாஃபத் மாநாட்டில், ஆங்கிலேயப் படையில் முஸ்லிம்கள் பணியாற்றுவது மார்க்கத்துக்கு விரோதம் என்று தீர்மானம் நிறைவேறியது. அதற்காகச் செப்டம்பர் 14ஆம் நாள், இன்று விசாகப்பட்டினம் எனப்படும் வால்டேரில், பயணத்தின் நடுவே மௌலானா கைது செய்யப்பட்டார். காந்தியடிகள் நண்பரின்றிப் பயணத்தைத் தொடர்ந்தார். கூடூரைக் கடந்து, கும்மிடிப்பூண்டியைக் கடந்து, இதோ இந்தக் கவரைப்பேட்டையைக் கடந்துதான் அவர் சென்னை சேர்ந்தார்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. எந்தச் சொற்களுக்காக நண்பர் சிறைப்பட்டாரோ, அதே கருத்தை நம் திருச்சிராப்பள்ளிக் கூட்டத்தில் தாமும் எடுத்துரைத்தார். அடுத்த மாதம் தலைவர்கள் பலரோடு சேர்ந்து, அக்கருத்தை ஆதரித்து அறிக்கையும் வெளியிட்டார். நண்பரின் குற்றம் என் குற்றமும் ஆகும் என்பதே அதன் பொருள். கராச்சி வழக்கில் மௌலானா ஹுஸைன் அஹ்மத் மதனீ (ரஹ்) உள்ளிட்டோருடன் அலீ சகோதரர்களுக்கு இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மௌலானா 1923இல் விடுதலையாகி, அவ்வாண்டு டிசம்பரில் காக்கிநாடாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

மறு ஆண்டு, இந்து முஸ்லிம் கலவரங்களால் மனம் நொந்த காந்தியடிகள் 21 நாள் உண்ணாநோன்பைத் தொடங்கினார். தொடங்கிய இடம் எது தெரியுமா? டில்லியில் மௌலானா முஹம்மது அலீயின் இல்லம். நோன்பு முடிந்தபோது, கசாப்புக்காரரிடமிருந்து ஒரு பசுவை வாங்கி மௌலானா அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் பீ அம்மா மறைந்தபோது, காந்தியடிகள் தம் இதழில் அவ்வன்னையைப் பற்றி உருக்கமாக எழுதினார்.

ஆங்கில அரசின் விலங்கால் பிரிக்க இயலாத அந்த நட்பைப் பின்னர் எது பிரித்தது? 1928ஆம் ஆண்டின் நேரு அறிக்கை. வருங்கால இந்தியாவின் அரசியலமைப்பு எவ்வாறு இருக்க வேண்டும் என்ற அந்த அறிக்கை, முஸ்லிம்களின் தனித்தொகுதி முறையை நீக்கச் சொன்னது. மத்திய சட்டசபையில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. அலீ சகோதரர்கள் கொதித்தெழுந்தார்கள். 1930இல் காந்தியடிகள் சட்டமறுப்பைத் தொடங்கியபோது, அதில் முஸ்லிம்கள் சேர வேண்டாமென்று மௌலானா வெளிப்படையாகக் கூறினார்.

யார் சரி, யார் தவறு? வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். தம் சமுதாயத்தின் எதிர்காலம் குறித்து மௌலானா எழுப்பிய கேள்வி நியாயமானதே, எழுப்பாதிருந்தால்தான் பிழை. கருத்து மாறுபட்டதை நான் குறை கூறவில்லை. ஒரே வண்டியில் வந்தவர்கள் மீண்டும் மனம் ஒன்றாமலே போய்விட்டார்களே, அதுதான் என் நெஞ்சை அழுத்துகிறது.

மௌலானா நோயுற்ற உடலோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றார். 1931 ஜனவரி 4ஆம் நாள் அங்கேயே வஃபாத்தானார். பைத்துல் முகத்தஸில் நல்லடக்கம் செய்யப்பட்டார். அன்று காந்தியடிகள் எரவாடா சிறையில் இருந்தார். அவர் விடுதலையானது ஜனவரி 26ஆம் நாள். இருபத்திரண்டு நாட்கள்! ஆனால் உண்மையில் பிந்தியது இருபத்திரண்டு நாட்களா? 1928க்கும் 1930க்கும் இடையே இருவரும் வெளியில்தானே இருந்தார்கள்? சிறைக்கதவு திறக்கும், மவுத்தின் கதவு திறக்காது.

நம் நாட்டிலேயே மற்றொன்று

இதற்கு மாறான காட்சியும் நம் தமிழகத்திலேயே உண்டு. ராஜாஜியும் பெரியாரும் வாழ்நாளெல்லாம் எதிரெதிர்த் துருவங்கள். ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பெரியார் சிறை சென்றார். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று பெரியார் கடுமையாக எதிர்த்தார். கடவுள் நம்பிக்கையில் இருவருக்கும் ஒட்டே இல்லை. ஆயினும் 1949இல் தம் சொந்த வாழ்வின் மிக முக்கியமான முடிவைப் பற்றிக் கலந்து பேசப் பெரியார் திருவண்ணாமலைக்குச் சென்று சந்தித்தது ராஜாஜியைத்தான். 1972 டிசம்பர் 25ஆம் நாள் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து கண்ணீர் வடித்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் அவரும் மறைந்தார்.

இறைமறுப்பாளர் ஒருவர் தம் எதிரணி நண்பரின் இறுதிச் சடங்குக்குத் தள்ளுவண்டியில் வருகிறார். இறைவேதம் கற்பிக்கும் நான், நல்ல கால்களோடு, மாமியின் ஜனாஸாவுக்குப் போகவில்லை. வண்டியின் சன்னலோரம் அமர்ந்து இதை எண்ணியபோது என் கண்கள் நனைந்தன.

நம் மார்க்கம் இதில் நமக்கு எத்துணை தெளிவான வழி காட்டியிருக்கிறது! பெற்றோர் இணைவைப்பவராக இருந்து, அதற்குப் பிள்ளையை வற்புறுத்தினாலும், அதில் மட்டும் அவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டாம்; உலக வாழ்வில் அவர்களோடு நல்லுறவு கொண்டிருக்க வேண்டும் என்று திருமறையின் லுக்மான் அத்தியாயம் போதிக்கிறது. இணைவைப்பில் இருந்த தம் தாயார் தம்மைத் தேடி மதீனா வந்தபோது, அவரோடு உறவு பேணலாமா என்று அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் கேட்க, பேணுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கொள்கையிலேயே நேர்ந்த வேறுபாட்டுக்கு இந்த விதி என்றால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும் கூட்டணிக்கு என்ன விதி?

ஸஹாபாப் பெருமக்களிடையே நிகழ்ந்த பிணக்குகளைப் பற்றி நாவை அடக்குவதே நம் முன்னோர் நெறி. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். ஹிஜ்ரி 36இல் ஜமல் போர் முடிந்ததும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களை ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்கள் எவ்வளவு கண்ணியத்தோடு, அன்னையாரின் சகோதரரையே துணைக்கு அனுப்பி வழியனுப்பினார்கள் என்பதை வரலாறு பதிந்துள்ளது. வாளெடுத்த களத்திலும் மரியாதை வீழவில்லை. நம்மிடையே ஒரு தேர்தல் துண்டறிக்கைக்கே வீழ்ந்துவிடுகிறது.

அந்த வீட்டின் வாசலில்

வண்டி கவரைப்பேட்டையில் நின்றது. விபத்தின் சுவடுகள் பெரும்பாலும் அகற்றப்பட்டிருந்தன. நடைமேடையில் நின்று தடங்களைப் பார்த்தேன். முக்கியத் தடத்திலிருந்து லூப் லைன் ஓரிடத்தில் விலகுகிறது. நிலையத்தின் நீளத்துக்குத் தனியே செல்கிறது. மறுமுனையில் மீண்டும் வந்து சேர்ந்துகொள்கிறது. ஒரு வண்டி ஒதுங்கி நின்று மற்றொன்றுக்கு வழிவிடவே அந்தத் தடத்தைப் போட்டிருக்கிறார்கள். மோதிக்கொள்ள அன்று. கருத்து வேறுபாடும் அவ்வாறே இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு நடந்தேன்.

வாசலில் நின்று ஸலாம் சொன்னேன். எட்டாண்டுகள் தாமதித்த ஸலாம்! என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுமுறை சொன்னேன்.

மச்சானின் மனைவி திரையை விலக்கிப் பார்த்தார். ஒரு நொடி திகைத்து நின்றவர், “வாங்கண்ணே” என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். மச்சான் வந்தார். தாடி பாதி நரைத்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டார், அணைத்துக்கொள்ளவில்லை.

“வா மச்சான். உட்காரு.”

கூடத்தின் சுவரில் அவருடைய அமைப்பின் நாட்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. மாமி அமரும் கயிற்றுக் கட்டில் அதே இடத்தில் இருந்தது. அதில் இப்போது பேரப்பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள். தேநீர் வந்தது. விபத்தைப் பற்றிப் பேசினோம். சத்தம் கேட்டு ஓடியதையும், சாய்ந்த பெட்டியிலிருந்து ஒரு முதியவரைத் தோளில் தூக்கி இறக்கியதையும் சொன்னார். பிறகு சற்று நிறுத்தினார்.

“அன்னைக்கு ராத்திரி எல்லாரும் போன் பண்ணிக் கேட்டாங்க. துபாயிலேர்ந்துகூடக் கேட்டாங்க. நீ கேட்கலை மச்சான்.”

நான் எண்ணை அழித்ததையும், நள்ளிரவில் வேறொருவரிடம் விசாரித்ததையும் சொன்னேன். அந்தச் சஹனில் சொன்ன சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் தேநீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பேச்சை நான் எப்பவோ விட்டுட்டேன். ஆனா அம்மா மவுத்துக்கு நீ வரலையே. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?”

என்னிடம் பதில் இல்லை. இம்முறை பதில் இல்லாதபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி மெல்லச் சொன்னார்: “மாமி கடைசிவரைக்கும் வியாழக்கிழமைன்னா அஸருக்கு மேலே வாசலைப் பார்த்தாப்பல கட்டிலைப் போடச் சொல்லுவாங்கண்ணே. ‘இன்னைக்கு அவனுக்கு லீவு’ன்னு சொல்லுவாங்க.”

வாசகர்களே, எத்தனையோ கிதாபுகள் ஓதியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைப் போல என்னை உலுக்கியது எதுவுமில்லை.

மஃரிபுக்கு இன்னும் நேரமிருந்தது. இருவரும் கபரஸ்தானுக்கு நடந்தோம். மாமியின் கப்ரைக் காட்டிவிட்டு, மச்சான் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். நான் ஸலாம் சொல்லி, ஓதி, துஆச் செய்தேன். கப்ரில் இருப்போருக்குச் சொல்லும் ஸலாமை எத்தனையோ முறை மாணவர்களுக்குக் கற்பித்திருக்கிறேன். உயிரோடு இருந்தபோது சொல்ல வேண்டிய ஸலாமை மண்ணிடம் சொல்வது எத்தகையது என்பதை அன்றுதான் கற்றேன்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர நின்று தொழுதோம். நிலையம் வரை அவர் என்னோடு வந்தார். வண்டி வரும் நேரத்தில், “அடுத்த வருஷம் தேர்தல் இல்லை, அதுக்கடுத்த வருஷம்தான். அதுவரைக்கும் சண்டை இல்லாம இருப்போம்” என்று சொல்லிச் சிரித்தார். எட்டாண்டுகளில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

எங்கள் கருத்துகள் மாறிவிடவில்லை. அவர் சுவரின் நாட்காட்டி மாறாது. என் வாக்கும் மாறாது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டதென்றும் நான் சொல்ல மாட்டேன். வியாழக்கிழமைகளில் மீண்டும் செல்கிறேன். அந்தக் கட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் பேச்சு ஒரு கணம் தடைப்படுகிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

அரசியல் பேசாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சிறுபான்மைச் சமுதாயம் அரசியல் பேசாதிருக்க முடியாது, இருக்கவும் கூடாது. ஆனால் பேசும்போது கருத்தோடு மோதுங்கள். ஆளின் நாணயத்தின்மீது கை வைக்காதீர்கள். ஒருவர் வாக்களித்த சின்னத்தை வைத்து அவருடைய ஈமானை அளக்காதீர்கள். அதை அளக்கும் தராசு நம்மிடம் கொடுக்கப்படவில்லை. நிக்காஹையும் ஜனாஸாவையும் எந்தக் கட்சிக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு நிக்காஹைத் தவறவிட்டால் மறு வீட்டு நிக்காஹில் ஈடுசெய்யலாம். தவறவிட்ட ஜனாஸாவுக்கு ஈடில்லை.

திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் சுவனத்தின் வாயில்கள் திறக்கப்பட்டு, இணைவைக்காத அடியார்கள் மன்னிக்கப்படுவதாகவும், தம்முள் பகைமை கொண்ட இருவரின் விவகாரம் மட்டும் அவர்கள் இணங்கும்வரை ஒத்திவைக்கப்படுவதாகவும் நபிமொழி அறிவிக்கிறது. எட்டாண்டுகளில் எத்தனை திங்கள், எத்தனை வியாழன்! கணக்குப் பார்க்க எனக்கு அஞ்சுகிறது. நீங்கள் பார்த்துவிடுங்கள்.

இந்த இதழை மூடி வைக்கும் முன், உங்கள் கைப்பேசியில் ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அழித்திருந்தால் யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். அந்த வீட்டிலும் ஒரு கட்டில் வாசலை நோக்கிப் போடப்பட்டிருக்கலாம்.

வல்ல நாயன் நம் உள்ளங்களை இணைத்து வைப்பானாக! நம் பிழைகளைப் பொறுத்து, நம்மை எதிர்பார்த்துக் காத்திருந்து மறைந்தவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்கி வைப்பானாக! ஆமீன்.